தொடர்வலிப்பும் இரத்தம் சொல்லும் எண்களும்

உடல் முழுவதும் வெட்டியிழுக்கும் வலிப்பு 5 நிமிடங்களைக் கடந்து நீடித்தாலோ, ஒரு வலிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் நோயாளிக்கு நினைவு திரும்பாமல் போனாலோ, அது தொடர்வலிப்பு எனப்படும் நெருக்கடி நிலை ஆகிறது. வலிப்புநோய்க்கு எதிரான பன்னாட்டுக் கழகம் 2015இல் வெளியிட்ட வரையறையின்படி, 5ஆவது நிமிடத்துக்குப் பிறகு இவ்வகை வலிப்பு தானாக அடங்கும் வாய்ப்பு குறைகிறது; 30ஆவது நிமிடத்துக்குப் பிறகு நரம்பணுக்கள் மாண்டு நிலையான பாதிப்பு நேரும் அபாயம் தொடங்குகிறது. கெடு இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம், வலிப்பு நீளநீள, கிளர்ச்சியைத் தணிக்கும் ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்பட்டுவிடுவதும், கிளர்ச்சியைக் கூட்டும் ஏற்பிகள் மேற்பரப்பில் பெருகுவதும்தான். முதல் நிமிடங்களில் ஒரே ஊசியில் அடங்கியிருக்கக்கூடிய வலிப்பு ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே ஊசிக்குப் பணியாமல் போவது இதனாலேயே. லோராசெபாம், மிடாசோலாம் போன்ற முதல்நிலை மருந்தும், அடுத்துத் தரப்படும் ஃபெனிட்டாய்ன், வால்புரோயேட், லெவெட்டிராசிட்டம் ஆகியவற்றுள் ஒன்றும் பலன் தராதபோது அது அடங்காத் தொடர்வலிப்பு என்று பெயர் மாறுகிறது. அமெரிக்காவில் நடந்து 2019இல் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வொன்றில், ஃபெனிட்டாய்னின் மாற்று வடிவமான ஃபாஸ்ஃபெனிட்டாய்ன் உள்ளிட்ட இம்மூன்று இரண்டாம்நிலை மருந்துகளும் ஏறத்தாழப் பாதி நோயாளிகளிடமே பலன் தந்தன. எஞ்சியவர்களுள் பலர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மயக்கமருந்தின் கீழ், செயற்கைச் சுவாசக் கருவியின் துணையோடு, நாள்கணக்கில் கிடத்தப்படுகிறார்கள்.

அந்நிலையில் வெளியே காத்திருக்கும் குடும்பத்துக்கு இரண்டே கேள்விகள் இருக்கும்: பிழைப்பாரா, பிழைத்தால் பழையபடி இருப்பாரா. நோயாளியின் இரத்தத்தில் ஒரு துளியை எடுத்து இவற்றுக்கு எண்ணாக விடை சொல்லிவிட முடியுமா என்ற தேடல் 1990கள் முதல் நடந்துவருகிறது. அண்மைய ஆண்டுகளில் அது வேகம் பெற்று, நம்பிக்கையூட்டும் முடிவுகளையும் தந்துள்ளது. ஆயினும், இந்த எண்கள் இந்திய மருத்துவமனைகளுக்குள் நுழையும்போது எந்த வேலைக்கு வைக்கப்படும் என்பதை இப்போதே விவாதித்தாக வேண்டும். சிகிச்சையை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று காட்ட அவை பெரிதும் உதவும். சிகிச்சையை எப்போது நிறுத்தலாம் என்று காட்டும் தகுதி இன்றைய நிலையில் அவற்றுக்கு இல்லை.

இந்த விவாதத்துக்குத் திருவனந்தபுரம் பொருத்தமான களம். திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973இல் அரசுக்கு அளித்த மருத்துவமனைக் கட்டடத்திலிருந்து வளர்ந்து, 1980இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்ட ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம், 1951இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியின் வளாகத்தில் இயங்குகிறது. அங்குள்ள ஆர். மாதவன் நாயர் வலிப்புநோய் மையம் 1995 முதல் வலிப்புநோய்க்கான அறுவைச் சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளுள் ஒன்றாக இருந்துவருகிறது. கன்னியாகுமரி மாவட்டம் 1956இல் தமிழ்நாட்டோடு இணைந்து எல்லைக்கோடு மாறியபோதிலும், நோயாளிகள் செல்லும் வழி மாறவில்லை. நாகர்கோவில், மார்த்தாண்டம், தென்காசி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மூளை, நரம்பு நோய் என்றால் இன்றும் முதலில் நினைவுக்கு வருவது திருவனந்தபுரம்தான். ஆகவே அங்கு உருவாகும் மருத்துவ வழக்கம் இரு மாநிலங்களின் நோயாளிகளையும் தொடும்.

முன்கணிப்பு இரத்தப் பரிசோதனையிலிருந்து தொடங்கவில்லை. ரோசெட்டி என்ற நரம்பியல் மருத்துவரும் அவர் குழுவினரும் 2006–2008 ஆண்டுகளில் உருவாக்கிய மதிப்பெண் முறை நான்கே செய்திகளைக் கேட்கிறது: சிகிச்சைக்கு முன் நோயாளியின் உணர்வுநிலை, வலிப்பின் வகை, வயது 65ஐ எட்டியதா, முன்பு வலிப்பு வந்ததுண்டா. கடைசிக் கேள்வி விந்தையாகத் தோன்றலாம். ஏற்கெனவே வலிப்புநோய் உள்ளவர் மாத்திரையை விட்டதால் தொடர்வலிப்புக்கு ஆளாகியிருந்தால் மீளும் வாய்ப்பு கூடுதல். முன்பு வலிப்பே வராத ஒருவருக்குத் திடீரென்று வந்தால் பின்னால் மூளைக்காய்ச்சலோ பக்கவாதமோ வேறு பெரிய நோயோ ஒளிந்திருக்கக்கூடும் என்பதே அதன் தர்க்கம். மொத்தம் 6 மதிப்பெண். 2 வரை இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக நன்று. 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் இறப்பு உறுதி என்று மட்டும் அது சொல்வதில்லை. அதிக மதிப்பெண் பெற்றவர்களிலும் பலர் பிழைக்கிறார்கள். 2015இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரத்து மருத்துவர்கள் நோய்க்காரணம், உடன்நோய்கள், மூளை மின்னலைப் பதிவு ஆகியவற்றைச் சேர்த்து விரிவான மற்றொரு முறையை வகுத்தார்கள். இவ்விரு முறைகளிலும் இரத்தம் பற்றிய செய்தி ஏதுமில்லை. அந்த இடைவெளியை நிரப்பவே ஆய்வுக்கூடங்கள் முயல்கின்றன.

முயற்சிகள் இரு வழிகளில் செல்கின்றன. முதலாவது, சேதமடைந்த மூளையிலிருந்து இரத்தத்தில் கசியும் பொருள்களை அளப்பது. நரம்பணுக்கள் சர்க்கரையை எரித்து ஆற்றலாக்கப் பயன்படுத்தும் எனோலேஸ் என்ற நொதியின் ஒரு வகை இவற்றுள் மூத்தது. 1990களில் அமெரிக்காவில் டிஜார்ஜியோ குழுவினர், தொடர்வலிப்பு நோயாளிகளின் இரத்தத்தில் இது உயர்ந்திருப்பதைக் காட்டினார்கள். கைகால் வெட்டாமல், நினைவு மட்டும் மங்கியிருக்கும் அமைதியான வகைத் தொடர்வலிப்பிலும் அது உயர்ந்திருந்தது, அவ்வகை மூளைக்குத் தீங்கற்றது என்ற எண்ணத்தைக் கேள்விக்கு உள்ளாக்கியது. இந்த நொதிக்கு ஒரு தொல்லை உண்டு: சிவப்பணுக்களிலும் தட்டணுக்களிலும்கூட அது இருக்கிறது. அவசரத்தில் மெல்லிய ஊசியால் உறிஞ்சப்பட்ட இரத்தத்தில், அது ஆய்வுக்கூடத்தைச் சேர்வதற்குள் குழாயிலேயே சிவப்பணுக்கள் உடைந்து சிதைந்தால், மூளைக்கு எதுவும் நேராமலே எண் எகிறிவிடும். இரவு 2 மணிக்கு எடுத்த குழாய் காலை வரை மேசையில் கிடந்தாலும் இதே கதிதான்.

இப்போது அதிகம் பேசப்படுவது நரம்பிழைப் புரதத்தின் இலகு வடிவம், அதாவது நரம்பணுவின் நீண்ட வால்போன்ற இழைக்கு உள்ளிருந்து வலுவூட்டும் புரதத்தின் சிறு கூறு. இழை உடையும்போது இது முதுகுத் தண்டுவட நீரிலும், அங்கிருந்து மிகமிக நுண்ணிய அளவில் இரத்தத்திலும் சேர்கிறது. ஒரு மில்லிலிட்டரில் பிக்கோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அலகில் அளக்கவேண்டிய இதனை இரத்தத்தில் பிடிக்கும் கருவிகள் கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான் பரவலாயின. இத்தாலியின் மொடெனா நகர மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வில், தொடர்வலிப்பு நோயாளிகளிடம் இப்புரதம் சாதாரண வலிப்புநோயாளிகளைவிட மிகுந்திருந்ததும், மருந்துக்கு அடங்காதவர்களிடம் மேலும் உயர்ந்திருந்ததும், நோயின் முடிவோடு தொடர்புற்றிருந்ததும் தெரியவந்தன. எனினும் வயது ஏற ஏற இது இயல்பாகவே கூடும். சிறுநீரகம் பழுதானாலும் கூடும். மூளை சேதமுற்ற உடனே உச்சம் தொடுவதில்லை, நாள்கள் கழித்தே தொடுகிறது. முதல் நாளிலேயே விடை தேடும் குடும்பத்துக்கு இது தாமதமான சாட்சி.

இரண்டாவது வழி மூளையைப் பாராமல் உடலைப் பார்ப்பது. கல்லீரல் தயாரிக்கும் அல்புமின் என்ற புரதம், அழற்சியின்போது உயரும் சி-ரியாக்டிவ் புரதம், பாக்டீரியத் தொற்றில் உயரும் புரோகால்சிடோனின் ஆகியவை இதில் அடங்கும். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த சுட்டர் குழுவினர் தம் தீவிர சிகிச்சைப் பிரிவின் 5 ஆண்டு நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, தொடர்வலிப்பு தொடங்கும்போதே அல்புமின் குறைந்திருந்தவர்களிடம் இறப்பு மிகுந்திருந்தது. எந்த மாவட்ட மருத்துவமனையிலும் செய்யக்கூடிய, மிகக் குறைந்த செலவிலான பரிசோதனை இது. கருவி புதிதாக வாங்கவேண்டியதில்லை, அறிக்கை அன்றே கிடைத்துவிடும். ஏழை நாடுகளுக்கு இதைவிட வசதியான முன்கணிப்பு அமையாது என்று முதல் பார்வையில் தோன்றும்.

ஆனால் அல்புமின் ஏன் குறைகிறது என்று கேட்டவுடன் அந்த வசதி சற்று ஆட்டம் காண்கிறது. இரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 20 நாள்கள். ஆகவே முதல் மணிகளில் அது குறைவாக இருந்தால், பெரும்பாலும் வலிப்புக்கு முன்பே அந்த உடல் ஊட்டமின்றியோ கல்லீரல், சிறுநீரக நோயாலோ நாள்பட்ட தொற்றாலோ தளர்ந்திருந்தது என்று பொருள். பாசலில் சத்தாகச் சாப்பிட்டு வாழும் முதியவரிடம் அல்புமின் குறைவது ஓர் எச்சரிக்கை மணி. வறிய குடும்பங்களிலிருந்து வருவோரிடம் அது நோய்க்கு முந்தைய வாழ்க்கையின் அளவீடாகவும் இருக்கக்கூடும். அங்கே வகுத்த எல்லைக்கோட்டை இங்கே அப்படியே போட்டால், ஏழைகளுக்கெல்லாம் தீய முடிவு என்று முன்கூட்டியே எழுதிவைத்தது போலாகிவிடும்.

காலம் என்ற கூறும் இந்த எண்களைக் குழப்புகிறது. பெருவலிப்பு முடிந்த உடனே எடுத்த இரத்தத்தில் லாக்டிக் அமிலம் பெருகி, அமிலத்தன்மை உயிருக்கே ஆபத்தானதுபோல் தோன்றும் அளவுக்குச் செல்லும். தசைகள் ஓயாமல் இறுகித் தளர்ந்ததன் விளைவு அது. 1977இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சில நோயாளிகளைக் கொண்டு செய்த எளிய ஆய்வு, வேறு சிகிச்சையின்றியே ஒரு மணி நேரத்தில் அது பெரும்பாலும் சீராவதைக் காட்டியது. வெள்ளையணுக்களும் வலிப்பின் அழுத்தத்தாலேயே, தொற்று இல்லாமலே, உயரும். தொற்றைக் கண்டறிவதுபற்றி அதே பாசல் குழுவினர் 2011இல் வெளியிட்ட முந்தைய ஆய்வு இதைத் தெளிவாக்குகிறது: சி-ரியாக்டிவ் புரதத்தின் ஒற்றை அளவு நம்பத்தக்கதாக இல்லை, முதல் மூன்று நாள்களில் அது தொடர்ந்து ஏறுகிறதா என்பதே தொற்றைச் சுட்டியது. ஓர் எண்ணைவிட எண்களின் போக்கு உண்மைக்கு நெருங்கி நிற்கிறது.

இனி, கணக்கு. ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு பரிசோதனை 'முடிவோடு வலுவான தொடர்புடையது' என்று வரும்போது, தனி நோயாளிக்கு அது எவ்வளவு உறுதி தருகிறது என்பது மறைந்துவிடுகிறது. கற்பனையாக 100 தொடர்வலிப்பு நோயாளிகளை எடுத்துக்கொள்ளலாம். அவர்களில் 20 பேர் இறப்பார்கள், 80 பேர் பிழைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். இறப்பவர்களில் 80 விழுக்காட்டினரைச் சரியாக இனங்காணக்கூடிய, பிழைப்பவர்களிலும் 80 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கக்கூடிய ஒரு நல்ல இரத்தப் பரிசோதனை கையில் இருக்கிறது. அது இறப்பவர்களில் 16 பேரைச் சுட்டும். பிழைக்கப்போகும் 80 பேரிலும் 16 பேரைத் தவறாகச் சுட்டும். 'ஆபத்து' என்று குறிக்கப்பட்ட 32 பேரில் பாதிப் பேர் வீடு திரும்ப வேண்டியவர்கள். பரிசோதனையை மேம்படுத்தி, பிழைப்பவர்களில் 95 விழுக்காட்டினரை அது சரியாக விலக்கும்படி செய்தாலும், சுட்டப்பட்ட 20 பேரில் 4 பேர் தவறாகச் சுட்டப்பட்டவர்களாகவே இருப்பார்கள். மருத்துவப் பரிசோதனைகளுள் 95 விழுக்காடு மிக உயர்ந்த தரம். ஐந்தில் ஒருவரை வாழ்விலிருந்து கழித்துவிடும் தரமும் அதுவே.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை என்பதற்கு, இதயம் நின்று உயிர்ப்பிக்கப்பட்ட நோயாளிகளின் வரலாறு சான்று. அவர்களின் மயக்கம் தெளியுமா என்று அறிய அதே எனோலேஸ் நொதியைப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. அமெரிக்க நரம்பியல் கழகம் 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல், முதல் மூன்று நாள்களில் லிட்டருக்கு 33 மைக்ரோகிராமுக்கு மேல் சென்றால் தீய முடிவு என்று கொண்டது. உடல் வெப்பத்தைக் குறைத்துச் சிகிச்சை தரும் முறை பரவியபின், அந்த எல்லையைக் கடந்தவர்களில் சிலர் நன்கு மீண்டெழுவது தெரியவந்தது. 2021இல் ஐரோப்பிய வழிகாட்டுதல் எல்லையை 60ஆக உயர்த்தியதோடு, 48 அல்லது 72 மணி நேரம் கழித்தே அளக்கவேண்டும் என்றும், கண்மணியின் ஒளி எதிர்வினை, மின்னலைப் பதிவு, மூளைப் படம் போன்ற பிற சான்றுகளோடு இணைத்தன்றித் தனியாக அதனைக் கொள்ளலாகாது என்றும் வரையறுத்தது. 33 என்ற எண்ணை நம்பிக் கருவிகள் அகற்றப்பட்டவர்களில் மீண்டிருக்கக்கூடியவர் எத்தனை பேர் என்பதை இனி எவரும் கணக்கிட முடியாது. தீய முடிவு வரும் என்று கணித்துச் சிகிச்சையை நிறுத்தினால் தீய முடிவு வந்தே தீரும். வந்தபின் கணிப்பு சரியாகிவிட்டதாகப் புள்ளிவிவரத்தில் ஏறும். தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்ளும் இந்தச் சுழலிலிருந்து தொடர்வலிப்பு ஆய்வுகளும் தப்பவில்லை.

இந்தியாவில் இச்சுழல் வேகமாகச் சுற்றுவதற்குத் தனிக் காரணம் உண்டு. தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைக் கட்டணத்தைத் தங்கம் விற்றும் கடன் வாங்கியும் கட்டும் குடும்பங்களில், மருத்துவர் சொல்லும் ஒரு வாக்கியம் அன்று மாலையே பணம்பற்றிய முடிவாக மாறுகிறது. 'அறிவுரைக்கு மாறாக அழைத்துச் செல்கிறோம்' என்று எழுதி ஒப்பமிட்டு, சுவாசக் கருவியிலிருந்து விடுவித்து நோயாளியை வீட்டுக்குக் கொண்டுபோவது இந்நாட்டில் அரிதன்று. சிகிச்சையை விலக்கிக்கொள்ள உச்ச நீதிமன்றம் 2018இல் காமன் காஸ் வழக்கில் வகுத்த நெறியும், 2023 ஜனவரியில் அதனை எளிமையாக்கிய திருத்தமும் இரண்டு மருத்துவக் குழுக்களின் ஆய்வைக் கோருகின்றன. வீட்டுக்கு அழைத்துச் செல்லும் முடிவு அந்தக் குழுக்களின் முன் வருவதே இல்லை. அத்தகைய இடத்தில் ஆய்வுக்கூட முத்திரையோடு வரும் எண், அதற்கு அறிவியல் தராத அதிகாரத்தைச் சமூகத்தில் பெற்றுவிடும்.

எல்லாக் கணிப்பையும் பொய்யாக்கும் நோயாளிக் கூட்டமும் உண்டு. மூளையின் ஏற்பிகளைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்களால் வரும் மூளையழற்சியை ஜோசெப் டால்மாவ் 2007இல் விவரித்தார். பாதிக்கப்படுவோரில் இளம்பெண்கள் மிகுதி. வாரக்கணக்கில் சுவாசக் கருவியில், வலிப்பு அடங்காமல் கிடந்த பின்னும், நோயெதிர்ப்பை அடக்கும் சிகிச்சையால் பலர் மெல்ல எழுந்து நடக்கிறார்கள். 500க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு 2013இல் வெளியான ஆய்வில், 2 ஆண்டுகள் வரை பின்தொடரப்பட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் நல்ல நிலையை எட்டியிருந்தனர். இவர்களுக்குத் தேவைப்படும் இரத்தப் பரிசோதனை அந்த எதிர்ப்புப் பொருளைத் தேடுவது, அதாவது நோயின் காரணத்தைக் கேட்பது. முடிவைக் கேட்கும் பரிசோதனைக்குச் செலவிடும் பணம் முதலில் காரணத்தைக் கேட்கும் பரிசோதனைக்குப் போவதே முறை. சர்க்கரை, சோடியம், கால்சியம் ஆகிய மூன்றும் அந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவை. முதியவர் ஒருவரின் வலிப்புக்கு இரத்த அழுத்த மாத்திரையால் சோடியம் இறங்கியதே காரணமாக இருக்கலாம், அதைச் சரிசெய்ய முடியும்.

அல்புமினையும் இதே கண்ணோடு வாசித்தால் அதன் பயன் வேறாகத் தெரிகிறது. ஃபெனிட்டாய்ன் மருந்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு இரத்தத்தில் அல்புமினைப் பற்றிக்கொண்டு செயலற்றிருக்கும். பற்றாத 10 விழுக்காடுதான் மூளையில் வேலை செய்கிறது. அல்புமின் குறைந்தவரிடம் கட்டற்ற பங்கு கூடிவிடும். அறிக்கையில் வரும் மொத்த அளவோ குறைவாகக் காட்டும். அதைக் கண்டு மருந்தளவைக் கூட்டினால் நஞ்சேறும், மயக்கம் ஆழமாகும், பிறகு அந்த மயக்கமே மூளைச் சேதத்தின் அடையாளமாகத் தவறாகக் கொள்ளப்படும். சி-ரியாக்டிவ் புரதம் மூன்று நாளாக ஏறுகிறது, நுரையீரல் தொற்று என்று மெரோபெனெம் என்ற நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கப்படுகிறது என்றால், உடன் ஓடிக்கொண்டிருக்கும் வால்புரோயேட்டின் அளவு ஒரே நாளில் சரிந்து வலிப்பு திரும்பக்கூடும். வேறு நுண்ணுயிர்க்கொல்லியையோ வேறு வலிப்பு மருந்தையோ தேர்வது அங்கே உயிர்காக்கும் முடிவு. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குறிகாட்டியின் மதிப்பு, அதைக் கண்டபின் மருத்துவர் செய்யக்கூடியது என்ன என்பதில் இருக்கிறது.

பாசல், மொடெனா எண்களுக்குப் பதில் இங்குள்ள எண்கள் வேண்டுமென்றால் அவற்றை இங்குதான் திரட்டவேண்டும். திருவனந்தபுரத்துக்கு இது பழக்கமான வேலை. கே. ராதாகிருஷ்ணன் தலைமையிலான ஸ்ரீ சித்திரை மருத்துவர்கள் மத்திய கேரளத்தில் ஏறத்தாழ 2.38 லட்சம் பேரைக் கணக்கெடுத்து, ஆயிரத்துக்கு 4.9 பேருக்கு வலிப்புநோய் இருப்பதை 2000இல் பதிவுசெய்தார்கள். சஞ்சீவ் வி. தாமஸ் 1998இல் தொடங்கிய வலிப்புநோயும் கருத்தரிப்பும் பற்றிய கேரளப் பதிவேடு, இந்நோயுள்ள பெண்கள் பிள்ளை பெறலாமா என்ற நூற்றாண்டு அச்சத்துக்கு உள்ளூர்ச் சான்றுகளால் விடை தேடியது. அதே நிறுவனத்தின் பூஜப்புரைத் தொழில்நுட்பப் பிரிவு, 1990இல் நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்திரா இதய வால்வைப் பன்னாட்டு விலையின் ஒரு பகுதிக்குச் செய்துகாட்டிய இடம். நரம்பிழைப் புரதத்தை மலிவாக அளக்கும் முறையை வளர்க்க இதைவிடத் தகுந்த கூடம் நாட்டில் அதிகம் இல்லை. தொடர்வலிப்புக்கும் ஒரு பதிவேடு தொடங்கி, மருத்துவக் கல்லூரியையும் நாகர்கோவில், திருநெல்வேலி அரசு மருத்துவமனைகளையும் அதில் இணைத்து, முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் இரத்தங்களை உறையவைத்துக் காத்து, முடிவுகளைச் சிகிச்சை தரும் மருத்துவருக்குக் காட்டாமலே ஓராண்டு பின்தொடர்ந்தால்தான் மேற்சொன்ன சுழலில் சிக்காத விடை கிடைக்கும். இடையில் யாரையேனும் வீட்டுக்கு அழைத்துச் சென்றால் அதையும் இறப்பாக எழுதிவிடாமல் தனியாகப் பதிவது இன்றியமையாதது.

குடும்பத்திடம் பேசும் கலைக்கும் இந்நகரில் ஆசிரியர்கள் உண்டு. எம். ஆர். ராஜகோபால் 2003இல் நிறுவிய பாலியம் இந்தியா இங்குதான் இயங்குகிறது. 2008இல் கேரளம் வலிதணிப்பு மருத்துவத்துக்கென்று அரசுக் கொள்கை வகுத்தது. 'இன்னும் மூன்று நாள் சிகிச்சையைத் தொடர்ந்து பார்ப்போம், அப்போது இன்னின்னவற்றைக் கொண்டு மறுபடி பேசுவோம்' என்று காலவரையறையோடு சொல்லும் பழக்கம் அந்த மரபிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வரத்தக்கது. அடங்காத் தொடர்வலிப்பில் அந்த மூன்று நாள் பல சமயம் மூன்று வாரமாக நீளும். அதற்கான செலவைக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏற்குமா என்பது மருத்துவர்களால் மட்டும் தீர்க்கக்கூடியதன்று.

பதிவேடு தொடங்கும் நாளில் முதலில் திருத்தவேண்டியது ஆய்வுக்கூடத்தில் இல்லை, நோயாளிக் குறிப்பேட்டில் இருக்கிறது. வலிப்பு எப்போது தொடங்கியது, முதல் ஊசி எப்போது போடப்பட்டது, இரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்ற மூன்று மணிக்குறிப்புகள் ஆம்புலன்ஸிலிருந்தே எழுதப்பட்டுவர வேண்டும். 40ஆவது நிமிடத்தில் எடுத்த லாக்டிக் அமில அளவையும் 4 மணி நேரம் கழித்து எடுத்த அளவையும் ஒரே அட்டவணையில் சேர்த்தால் எந்தக் கணினியாலும் அவற்றைப் பிரித்தறிய முடியாது. அதற்கென்று படிவத்தில் மூன்று கட்டங்கள் அச்சிட்டு, மாநில எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி வரும் 108 ஆம்புலன்ஸ் வண்டிகளிலும் ஒரு கட்டு வைக்கலாம்.